மரப்பாலத்துக்கு மேலே கொதித்த வீட்டு வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

மேட்டுப்பாளையத்தில் டீசல் பட்டறை நடத்துகிறவர்களுக்கு மே மாதம் என்பது தண்ணீர் கொதித்து நின்ற வண்டிகளின் மாதம். அவற்றுள் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: ரேடியேட்டர் அடைப்பு, கிழிந்த ஹோஸ், அறுந்த பெல்ட். நான் இங்கே எழுதப்போகும் வண்டி அப்படிப்பட்டதன்று. அதில் பெரிய பழுது எதுவும் இல்லை. ஓட்டியவர் அவசரக்காரரும் அல்லர். இன்ஜினுக்கு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஓட்டியவர். அந்த அக்கறையே வண்டியைக் கொதிக்க வைத்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வீட்டு வண்டி வாங்கி மலையேற நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாகவே எழுதுகிறேன்.

வண்டியின் விவரம் இது. பயணிகளை ஏற்றும் வேனின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட வீட்டு வண்டி. 2018-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான்கு சிலிண்டர், 2.6 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின், ஐந்து கியர். உள்ளே கட்டில், சிறிய சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, இரண்டு பெரிய பேட்டரிகள், 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் இருக்கும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது, ஆட்களோடு 3,800 கிலோ காட்டியது. உரிமையாளர் திருச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். மனைவியோடு இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சுற்றிவருகிறார். சமவெளியில் ஒரு முறைகூட வண்டி சுட்டதில்லை என்றார். அது உண்மைதான் என்பது பின்னால் தெரிந்தது.

நடந்தது

சீசன் நாள் என்பதால் ஏறும் வண்டிகள் எல்லாம் பர்லியாறு வழியாகக் குன்னூருக்கும், இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் விடப்பட்டிருந்தன. மலைக்குள் நுழையும் அனுமதிச்சீட்டான இ-பாஸ் சோதனை முடித்து அவர் கல்லாற்றைக் கடந்தபோது காலை பதினொரு மணி. வெளியே 36 டிகிரி வெயில். பர்லியாற்றைத் தாண்டி, மரப்பாலத்துக்கு மேலே, கைபேசி சுமார் 1,200 மீட்டர் உயரம் காட்டிய இடத்தில் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் பாதி சாலையில் ஓடியது.

அவர் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் நான் அன்றே நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிவைத்தேன்: “முள்ளு நடுவுலயேதான் இருந்துச்சு தம்பி. அப்புறம் திடீர்னு கீழ இறங்குச்சு. சரி, ஆறிடுச்சுன்னு நெனச்சு மிதிச்சேன். ரெண்டே நிமிஷத்துல ஆவி.”

கொதிக்கப்போகும் வண்டியின் வெப்ப முள் மேலே போகாமல் கீழே இறங்குமா? இறங்கும். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும் வரைதான் உண்மை பேசும். கூலன்ட் கொதித்து வெளியேறி, சென்சாரைச் சுற்றி ஆவியோ காற்றோ நிற்கத் தொடங்கினால் அது சரியாகச் சூடு வாங்காது, முள் இறங்கும். ஏற்றத்தில் முழு இழுவையில் போய்க்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் முள் இறங்கினால், அது தண்ணீர் போய்விட்டது என்பதற்கான அடையாளம். அந்த நொடியில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருந்தால் கூலன்ட் இன்னும் கூடுதலாக மிஞ்சியிருக்கும்.

நல்லவேளையாக அம்மா (ஆசிரியரின் மனைவி) அவரை ரேடியேட்டர் மூடியைத் திறக்க விடவில்லை. இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மீட்பு வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் சூட்டில் எளிதில் வளையும் அலுமினியம் என்பதால், முதலில் அதன் அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகித்தேன். எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று காட்டும் நீல நிறத் திரவத்தை வைத்து இரண்டு முறை பார்த்தோம். நிறம் மாறவில்லை. ஹெட் தப்பித்திருந்தது.

மூடி

ரேடியேட்டர் மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்க ரப்பர் வளையம் பழைய செருப்பின் அடித்தோல் போல இறுகிப்போயிருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிவு. கட்டை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் தடையே இல்லாமல் உள்ளே போனது. மிச்சமிருந்த கூலன்ட் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. போகிற இடங்களில் எல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பிவந்திருக்கிறார்கள். மூடியின் மேல் 0.9 பார் என்று பொறித்திருந்தது (பார் என்பது அழுத்தத்தின் அளவு; கடல் மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்). கைப்பம்பு வைத்துச் சோதித்ததில் 0.3 பாரிலேயே வாய் திறந்துவிட்டது.

இந்தச் சிறிய வேறுபாடு மலையில் என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தம் குறைவதால் குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி முன்னதாகவே. மலையில் பருப்பு வேகத் தாமதமாவதும் குக்கர் இல்லாமல் சமைப்பது கடினமாவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி செய்வதும் குக்கர் வெயிட் செய்யும் வேலையே: உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆனால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் அது தன் 0.9 பாரைச் சேர்க்கும். ஏறஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மொத்தமும் குறையும். மரப்பாலத்துக்கு மேலே 1,200 மீட்டரில் கணக்குப் போட்டால், நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 116 டிகிரி வரை தாங்கும். இவருடைய மூடியோடு 104 டிகிரியில் கொதித்துவிடும்.

இப்போது அந்த முள்ளுக்கு வருவோம். பெரும்பாலான இன்றைய வண்டிகளில் வெப்ப முள் உள்ளபடி அசையாது. ஓட்டுபவர் வீணாகக் கலவரப்படக்கூடாது என்பதற்காக ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். 104-இல் கொதிக்கும் வண்டிக்கு 105 வரை நடுவில் நிற்கும் முள்! எச்சரிக்கை வருவதற்கு முன்பே தண்ணீர் போய்விட்டது. சமவெளியில் 90 டிகிரியைத் தாண்டாமல் ஓடிக்கொண்டிருந்த வரை இந்த நோய் வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. ஐநூறு ரூபாய்கூட விலை இல்லாத உதிரி ஒன்று ஒரு சிலிண்டர் ஹெட்டைக் காவு வாங்கப் பார்த்தது.

மூடியை மாற்றி வண்டியைக் கொடுத்திருக்கலாம். ஆனால், கொதித்ததற்கு மூடி காரணம். 104 டிகிரி வரை சூடு ஏறியதற்கு மூடி காரணமன்று. அந்தக் கேள்வி பாக்கி இருந்தது.

இரண்டாம் கியரின் சத்தம்

மறுநாள் புதிய மூடி போட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, கண்டறிதல் சாக்கெட்டில், வண்டியின் கணினியிலுள்ள எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிக் கைபேசியில் வெப்ப எண்ணும் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எண்ணும் தெரியும்படி வைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். காலை ஆறு மணிக்கு, நெரிசல் தொடங்குவதற்கு முன், வெளியே 24 டிகிரி இருந்தபோது கல்லாற்றிலிருந்து ஏறினோம். அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தேன்.

ஏற்றம் தொடங்கியதும் இரண்டாம் கியரில் சற்று நேரம் போனார். ஆர்.பி.எம். 2,200-ஐத் தாண்டியபோது முன்பக்கமிருந்து லாரி இரைச்சல் போல ஒரு சத்தம் எழுந்தது. உடனே மூன்றாவது கியருக்கு மாற்றினார். சத்தம் அடங்கியது, ஆர்.பி.எம். 1,300-க்கு இறங்கியது, வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர், ஆக்சிலேட்டர் முக்கால்வாசிக்கு மேல் மிதிபட்டிருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “இன்ஜின் கதறுதே தம்பி, பாவம்” என்றார்.

“சார், அது இன்ஜின் கதறற சத்தம் இல்லைங்க. ஃபேன் வேலை செய்யற சத்தமுங்க” என்றேன்.

இந்த நிகழ்வின் மையம் இதுதான். இவ்வகை இன்ஜினில் ஃபேன் ஒரு பாகுக் கிளட்ச் வழியாகச் சுழல்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால், கிளட்சின் முகப்பில் உள்ள இரட்டை உலோகச் சுருள் வளைந்து, உள்ளே சிலிகான் எண்ணெயைத் திறந்துவிடும்; ஃபேன் இன்ஜினோடு இறுகப் பிடித்துக்கொண்டு சுற்றும்; அப்போது அந்த இரைச்சல் வரும். அதாவது வண்டி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில், அவர் அந்தச் சத்தத்தை வேதனை என்று புரிந்துகொண்டு கியரை உயர்த்தி ஃபேனின் வேகத்தைக் குறைத்திருக்கிறார். வாட்டர் பம்ப்பும் இன்ஜினால்தான் சுழல்கிறது என்பதால் அதுவும் மெதுவாகியது.

மூன்றாவது கியரில் 1,300 ஆர்.பி.எம்.மில், 92 டிகிரியில் இருந்த கூலன்ட் மூன்று கிலோமீட்டருக்குள் 101-க்கு ஏறியது, அங்கேயும் நிற்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. பிறகு இரண்டாம் கியருக்கு மாற்றி, வேகத்தை அதே 26-இல் வைத்திருக்கச் சொன்னேன். ஆர்.பி.எம். 2,250. மிதி பாதிக்கு வந்தது, புகை நின்றது, இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வெப்பம் 95-க்கு இறங்கியது. அதே சாலை, அதே எடை, அதே வேகம். கியர் மட்டும் வேறு.

கணக்கும் இதையே சொல்கிறது. நூற்றுக்கு ஏழு என்ற ஏற்றத்தில் 3,800 கிலோவை 26 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 22 கிலோவாட் வேண்டும். எந்தக் கியரில் போனாலும் இது மாறாது. டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே வேலையாக மாறுகிறது. புகைக்குழாய் ஒரு பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போக, வேலைக்குப் போவதற்குக் கிட்டத்தட்ட ஈடான வெப்பம் கூலன்ட்டில் வந்து சேர்கிறது. 2 கிலோவாட் கீசர்கள் பத்தை ஒரே நேரத்தில் போட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் குறைவு என்பதால் எதிர்க்காற்று இந்த வெப்பத்தை அள்ளிப் போகாது. ஃபேனும் பம்ப்பும்தான் போக்க வேண்டும். 1,300-க்கும் 2,250-க்கும் இடையே அவற்றின் ஓட்டம் ஒன்றேமுக்கால் மடங்கு ஆகிறது. தவிர, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ 1,300-இல் இன்னும் விழித்திருக்காது. காற்றுக் குறைவாகவும் டீசல் அதிகமாகவும் போய், எரிப்பு அரைகுறையாகி, புகைக்குழாயின் வெப்பம் ஏறும். ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன், பேரிங் மேல் விழும் சுமையும் அதிகம். பட்டறைக்காரர்கள் இதை “முக்க வைத்து ஓட்டுவது” என்போம். உயர்ந்த ஆர்.பி.எம்.மில் உராய்வு சற்றுக் கூடும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பதை மறைக்கவில்லை. மலையில் அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அதே இரண்டாம் கியரில் வேகத்தை 20-க்குக் குறைத்தபோது ஆர்.பி.எம். 1,750 அளவில் நின்றது. தேவைப்படும் ஆற்றல் 17 கிலோவாட்டுக்கு இறங்கியது. வெப்பம் 93-க்கு வந்தது. வேகத்தைக் குறைப்பது வெப்பத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. கியரைக் குறைப்பது அதை வெளியேற்றும் வலிமையைக் கூட்டுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்று பெரும்பாலோர் முதலாவதைச் செய்யத் தயங்குகிறார்கள். ஒதுங்கி வழிவிட இடம் இருக்கும் இடத்தில் ஒதுங்கலாம். மூன்று டன்னுக்கு மேல் உள்ள வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவர் காருக்கு ஈடுகொடுக்க வேண்டியதில்லை.

காலை 24 டிகிரியில் எடுத்த எண்களை நடுப்பகலுக்கு மாற்றிப் பார்ப்பதும் எளிது. இழுவை ஒன்றாகவே இருந்தால், கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப இடைவெளி பெரிதும் மாறாது. வெளியே 12 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ 12 கூடும். காலையில் 101 என்றால், அன்று பதினொரு மணிக்கு 113. அந்த மூடியோடு அவர் மரப்பாலம் வரை வந்ததே பெரிது. இவ்வழியில் கொதிப்பவை பெரும்பாலும் கல்லாற்றுக்கும் மரப்பாலத்துக்கும் இடையிலேயே நிற்பதற்கும் இதுவே காரணம்: ஏற்றம் முழுதாகத் தொடங்கிவிட்டது, ஆனால் மலைக்குளிர் இன்னும் வந்து சேரவில்லை. மேலே போகப்போகக் காற்று குளிர்கிறது. காற்றின் அடர்த்தி குன்னூரில் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் அந்தக் குளிரின் பலன் முழுதும் கிடைக்காது என்பது வேறு.

மீதி இரண்டு

வெயிலில் இரண்டாம் கியரிலும் 107 வரை போகக்கூடும் என்பதால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தேடினேன். கிரில்லுக்குப் பின்னால் பூச்சி விழாமலிருக்க யாரோ நெருக்கமான கொசுவலை கட்டியிருந்தார்கள். தூசு படிந்து அது பாதித் திரைச்சீலையாகவே ஆகியிருந்தது. கழற்றி எறிந்தோம். இன்னொன்று, கூலன்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டே இல்லை. ஆறு மாதம் முன்பு வழியில் ஒரு பட்டறையில், “மலைக்குப் போனா இது வேண்டாங்க” என்று கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வகைத் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே மறுபக்கத்தில் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும்; சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் சுற்றும். சூடு குறையும் என்று செய்த வேலை சூட்டைக் கூட்டுகிறது. சமவெளியிலோ நேர்மாறாக, இன்ஜின் வேலை செய்யும் வெப்பத்துக்கு வராமலே ஓடி, டீசல் சரியாக எரியாமல் கரி படிகிறது, சிலிண்டர் தேய்கிறது. 82 டிகிரியில் திறக்கும் புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் அதே பாதையில், அதே 26 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த எண்கள்: மூன்றாம் கியரில் 97, இரண்டாம் கியரில் 90. வலையும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து நான்கைந்து டிகிரி. கியர் மட்டும் தனியாக ஏழு டிகிரி. இந்த விகிதத்தைப் பார்த்த பிறகுதான் ஆசிரியர் உண்மையாக நம்பினார்.

அவருக்கு எழுதிக்கொடுத்த வழிமுறை இவ்வளவே. கல்லாற்றுப் பாலத்திலேயே இரண்டாம் கியரை எடுத்துக்கொள்ளவும்; ஆர்.பி.எம்.மை 1,800-க்கும் 2,400-க்கும் இடையே வைக்கவும்; வளைவு வரும் முன்பே கியரைக் குறைக்கவும், வளைவுக்குள் போய்த் திணறிய பிறகு அல்ல. வெப்ப எண் 100-ஐத் தொட்டால் ஏசியை நிறுத்தி வேகத்தைக் குறைக்கவும்; ஹீட்டர் இருந்தால் முழுதும் திறந்துவிடவும், அது ஒரு குட்டி ரேடியேட்டர். 105 ஆனால் ஓரம் கட்டி, கூலன்ட் ஒழுகாத வரை இன்ஜினை அணைக்காமல் 1,200 ஆர்.பி.எம்.மில் சில நிமிடம் விடவும்; அணைத்தால் பம்ப்பும் ஃபேனும் நின்று, ஹெட்டிலும் டர்போவிலும் உள்ள சூடு அங்கேயே தங்கிவிடும். ஆவி வந்தாலோ முள் திடீரென இறங்கினாலோ உடனே அணைக்கவும்.

இறக்கம்

இறக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த 1,500 மீட்டருக்கு ஏற்றிய 3,800 கிலோவைத் திரும்ப இறக்கும்போது 15 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இன்ஜின் வாங்கிக்கொள்ளாததை பிரேக் டிரம் வாங்கும். முன்பு ஒரு முறை கோத்தகிரி வழியாக இறங்கியபோது அரவேணுவைத் தாண்டியதும் கருகிய வாடை வந்ததாக அம்மா நினைவுகூர்ந்தார். டீசல் மிச்சமாகும் என்று சில இடங்களில் ஆசிரியர் நியூட்ரலில் விட்டிருக்கிறார். கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் அறவே போகாது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

இறங்கும்போது ஆர்.பி.எம்.மைப் பார்க்கும் காரணம் வேறு. ஏற்றத்தில் இன்ஜினின் உச்ச வேகத்தை, வேகக் கட்டுப்பாட்டு அமைப்பான கவர்னர் தடுத்துவிடும், ஏனென்றால் அது டீசலைக் குறைக்கும். இறக்கத்தில் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. குறைக்க டீசலே இல்லாதபோது எந்தக் கட்டுப்பாடும் அதைத் தடுக்காது. ஆகவே, சிவப்புப் பகுதிக்கு நிறைய முன்பாகவே, 2,800-ஐ நெருங்கும்போது பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து 2,000-க்குக் கொண்டுவந்து முழுதாக விட்டுவிட வேண்டும். லேசாகக் கால் வைத்துக்கொண்டே வருவதுதான் டிரம்மைக் கருக்குகிறது. தண்ணீர்த் தொட்டியைக் கீழேயே நிரப்பாமல் ஊட்டியில் நிரப்பிக்கொண்டு, இறங்கும் முன் காலி செய்துவிடுவதும் நல்லது.

அந்த வாரமே அவர்கள் மறுபடி ஏறினார்கள், இம்முறையும் நடுப்பகலில். குன்னூர் வரை அதிகபட்சம் 99 என்று எழுதியனுப்பினார். புறப்படும் முன் கூலன்ட் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை, ஊட்டிக் குளிரில் இன்ஜினை எடுப்பதற்கு முன், அம்மா அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பச்சைத் திரவம் கோட்டிலேயே நின்றது.